மின்மினி என்ன சாப்பிடும்?
(சிலாங்கூர் ஆற்றங்கரை வேட்டைக்காரர்களின் கதை)



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, சோழர் கடாரம் கொண்டதைப் பற்றியோ மலாக்கா சுல்தான்களைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றைப் பற்றி நம் மலர்களில் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. அதனால் இந்த முறை ராஜாக்களை விட்டுவிட்டு, நம் ஊர் ஆற்றைப் பற்றியும், அதன் கரையில் வேட்டையாடிப் பிழைக்கும் உயிர்களைப் பற்றியும் எழுதத் துணிந்தேன். இதற்குக் காரணம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி. அவன் பெயரை எழுதினால் வெட்கப்படுவான்; ஆகவே எழுதவில்லை.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க அழைத்துப் போனோம். சம்பானுக்கு நான்கு பேராக ஏற்றினார்கள். மோட்டார் சத்தம் கிடையாது. ஒரு மலாய்ப் பெரியவர் துடுப்புப் போட்டார். இருட்டில் கரையோரத்து பெரெம்பாங் மரங்கள் முழுவதும் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்து, ஒரே நேரத்தில் அணைந்தன. தீபாவளிக்குக் கூட அப்படி ஒரு அலங்காரம் நாம் செய்ததில்லை. பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பையன் கேட்டான்: "சார், இந்தப் பூச்சி என்ன சாப்பிடும்?"

எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லித்தரவில்லை. "பனித்துளி குடிக்கும்டா" என்று சமாளித்தேன். மனசு கேட்கவில்லை. பெரியவரிடம் மலாயில் கேட்டேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சிக்கு, இது குட்டியாக இருக்கும்போது மண்ணில் கிடந்து சிப்புட் தின்னும்" என்றார். சிப்புட் என்றால் நத்தை.

மரத்தில் பூப்போல மினுக்குகிற அந்தப் பூச்சி, சேற்றில் நத்தையை வேட்டையாடி வளர்ந்த பிள்ளையாம்! அன்று முதல் ஓராண்டாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைச் சொல்லுகிறேன். குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கடல் போய் வந்த கதை

வரலாறு என்றால் மனிதன் வந்த பிறகுதான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். நம் காலடியில் இருக்கும் மண்ணுக்கே ஒரு வரலாறு உண்டு.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகத்தில் கடுங்குளிர்காலம். நீர் பெருமளவு நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்து கிடந்ததால், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்து இருந்தது. மலாக்கா நீரிணை ஆழமில்லாத கடல். ஆகவே அது அன்று பெரும்பாலும் தரையாகக் கிடந்தது. தீபகற்பமும் சுமத்ராவும் போர்னியோவும் ஜாவாவும் ஒரே நிலம். புலியும் யானையும் நடந்தே போய் வந்தன. இங்கிருந்து ஓடிய ஆறுகளும் சுமத்ராவிலிருந்து ஓடிய ஆறுகளும் நடுவிலே ஒன்று சேர்ந்தன. ஆறு சேர்ந்தால் மீனும் சேரும் அல்லவா?

பிறகு பனி உருகியது. கடல் ஏறியது. சுமார் 5,000, 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்கும் சில மீட்டர் மேலே வந்து நின்றது. இன்று நாம் செம்பனை நட்டிருக்கிற கரையோரச் சமவெளி அன்று கடல். அதன் பிறகு கடல் மெதுவாகப் பின்வாங்க, ஆறு கொண்டுவந்த சேறு படிந்து படிந்து நிலமானது. சேற்றைப் பிடித்து நிறுத்தியது பக்காவ் காடு. தமிழில் இதை அலையாத்திக் காடு என்றும் கண்டல் காடு என்றும் சொல்லுவார்கள். அலையை ஆற்றுவது அலையாத்தி. எவ்வளவு பொருத்தமான பெயர்! அதற்குப் பின்னால் மழைநீர் தேங்கிய இடங்களில், விழுந்த இலையும் மரமும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து கரிமண் சதுப்புக் காடு உண்டானது. பீட் காடு என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே நம் ஊர் நிலம் மிகவும் இளைய நிலம். எகிப்தில் பிரமிடு கட்டிய காலத்தை ஒட்டித்தான் இந்தக் கரை உருவாகிக்கொண்டு இருந்தது. ஆனால் நிலம் இளையதாக இருந்தாலும், அதிலே குடிவந்த உயிர்களின் குலம் மிகவும் பழையது.

பனையேறியும் அதன் உறவினரும்

எங்கள் தோட்டத்தில் வடிகாலை 'கான்' என்பார்கள். மழை பெய்தால் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கானில்தான் இருப்போம். விரால், கெளுத்தி, பனையேறி என்று பிடித்துப் பால் டின்னில் போடுவோம். பனையேறியை மலாய்க்காரர்கள் புயு என்பார்கள். அது டின்னிலிருந்து குதித்து, செவுளை ஊன்றி ஊன்றித் தரையிலே நகர்ந்து போகும். "விடுடா, அது பனைமரமே ஏறும்" என்பார் எங்கள் தாத்தா. நாங்கள் நம்பமாட்டோம்.

பிற்காலத்தில் படித்தபோதுதான் தெரிந்தது, தாத்தா சொன்னதை ஒரு வெள்ளைக்காரரும் எழுதி வைத்திருக்கிறார் என்று. தஞ்சைக் கரையில் உள்ள தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே இருந்த டால்டோர்ஃப் என்ற அதிகாரி, 1791இல் ஒரு பனைமரத்தின் பட்டை இடுக்கில், நீருக்கு மேலே சுமார் ஐந்து அடி உயரத்தில், இந்த மீனைக் கண்டதாக எழுதினார். லண்டனில் 1797இல் அது அச்சேறியது. மீன் மரம் ஏறுமா என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். ஏறுகிறதோ இல்லையோ, தண்ணீரை விட்டு வெளியே வந்து உயிரோடு நடமாடுகிறது என்பது உண்மை. அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. அது காற்றிலிருந்தே மூச்சை எடுத்துக்கொள்ளும். கலங்கிய, மூச்சுமுட்டும் நீரிலும் அது பிழைப்பது இதனால்தான்.

இதே உறுப்பு உள்ள மற்றொரு மீன்தான் சண்டை மீன். கடைகளில் கண்ணாடிப் போத்தலில் விற்கிறார்களே, அதன் காட்டு உறவினர்கள் நம் நாட்டில் பல வகை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியோடர் கேண்டர், 1849இல் பினாங்கு மீன் ஒன்றைப் பற்றி எழுதினார். அது இன்று பெத்தா புக்னாக்ஸ் எனப்படுகிறது. நம் வட சிலாங்கூர் பீட் காட்டிலோ இன்னும் அதிசயமான மீன் உண்டு. அந்தக் காட்டுத் தண்ணீர் கடுந்தேநீர் போலக் கறுத்திருக்கும், புளிப்பும் அதிகம். சாதாரண மீன் அதில் வாழாது. அதிலே விரல் நீளம்கூட இல்லாத, கருஞ்சிவப்பு உடலில் பச்சை மினுமினுப்புப் பொட்டு வைத்த ஒரு சண்டை மீன் இருக்கிறது. சிங்கப்பூரின் பீட்டர் இங்கும் சுவிட்சர்லாந்தின் மோரிஸ் கோட்டலாட்டும் 1992இல் அதற்கு பெத்தா லிவிடா என்று பெயர் வைத்தார்கள். கொசுப்புழுவும் சிறு பூச்சியும் அதற்கு இரை. அதுவும் ஒரு வேட்டைக்காரன்தான்!

ஒரு குலம் எப்படி இத்தனை வகையானது? கடல் ஏறி ஆறுகளைப் பிரித்தபோது, மீன்களும் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. ஒவ்வொரு கூட்டத்திலும் பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல இருப்பதில்லை. அந்தந்தத் தண்ணீருக்குத் தோதானது பிழைத்துக் குஞ்சு பொரித்தது, தோதில்லாதது அழிந்தது. ஆயிரக்கணக்கான தலைமுறை இப்படிக் கழிந்தால் அண்ணன் தம்பி வேறு வேறு இனமாகிவிடுவார்கள். தேங்கிய நீரில் வாழும் வகைகளில் ஆண்மீன் நுரைக்குமிழியால் கூடு கட்டி முட்டையைக் காக்கும். ஓடும் நீரில் நுரைக்கூடு நிற்காது. அங்கே வாழும் பல வகைகளில் தகப்பன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். குஞ்சு வெளிவரும்வரை அது சரியாகச் சாப்பிடுவதும் கிடையாது. பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கும் தகப்பனை நாம் லயத்திலும் பார்த்திருக்கிறோம்.

சேற்றிலே நடப்பது, நீராலே சுடுவது

இனி பீட் காட்டை விட்டு ஆற்று முகத்துவாரத்துக்கு வருவோம். நீர் வற்றும் நேரத்தில் கோலசிலாங்கூர்க் கரையில் நின்று பாருங்கள். சேற்றின் மேல் தவளைக் கண்ணோடு துள்ளித் துள்ளிப் போகும் மீனைக் காணலாம். மலாயில் பெலாச்சாக், தெம்பாக்குல் என்பார்கள். இங்குள்ளவற்றில் பெரியது ஒரு முழங்கைக்குச் சற்றுக் குறைவாக வளரும். நண்டைக் கவ்வித் தின்னும். செவுளுக்குள் நீரை அடைத்து வைத்துக்கொண்டும், தோலாலும் வாயாலும் காற்றை வாங்கிக்கொண்டும் தரையில் திரியும்.

அதன் வீடு சேற்றுக்குள் உள்ள வளை. அந்தச் சேற்றில் பிராணவாயு கிடையாது. அப்படியானால் முட்டை எப்படிப் பிழைக்கும்? பினாங்கில் ஆராய்ந்தவர்கள் 1998இல் இதற்கு விடை எழுதினார்கள். இந்த மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றைப் பிடித்து, வளைக்குள் கொண்டுபோய் விடுகிறது. மறுபடி வருகிறது, மறுபடி கொண்டுபோகிறது. இப்படி வாய் வாயாகச் சுமந்து சேமித்து, வளைக்குள்ளே ஒரு காற்று அறையையே உண்டாக்கிவிடுகிறது. ஆதியில் மீன் கரையேறியதால்தான் தவளையும் பல்லியும் பறவையும் மனிதனும் தோன்றினார்கள் என்கிறது பரிணாம அறிவியல். பெலாச்சாக் நமக்கு நேர் மூதாதை அல்ல. அது தனிக் கிளை. ஆனால் அந்தப் பழைய கரையேற்றம் எப்படி நடந்திருக்கும் என்று நமக்குக் காட்டும் கண்கண்ட பாடம் அது.

அதே கரையில் வாழ்கிறது ஈக்கான் சும்பிட், அதாவது ஊதுகுழல் மீன். இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் பார்த்து வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். பூச்சி நீரில் விழுந்ததும் விழுங்கும். மேல்வாயில் உள்ள பள்ளத்தில் நாக்கை அழுத்தினால் அது குழாய்போல ஆகிறது. செவுள் மூடியை வெடுக்கென்று நெருக்கினால் நீர் பாய்கிறது. முதலில் போகும் நீரைவிடப் பின்னால் போகும் நீர் வேகமாகப் போகும். அதனால் இலக்கைத் தொடும்போது எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரே திவலையாகப் போய் அடிக்கும். நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் பொருள் இடம் மாறித் தெரியும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோமே, அந்தக் கோளாறையும் சரிக்கட்டியே அது குறி வைக்கிறது.

இந்த மீனுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பத்தாவியாவில் டச்சுக்காரர்களின் மருத்துவமனைத் தலைவராக இருந்த ஹோமல் என்பவர் இதன் திறமையைக் கண்டு, ஐரோப்பாவில் இருந்த ஷ்லோசருக்கு எழுதினார். 1764இல் லண்டன் ராயல் சங்க ஏட்டில் அது வெளிவந்தது. ஆனால் அனுப்பிய மீன் மாறிப் போய்விட்டது! நீர் பீய்ச்சத் தெரியாத வேறொரு மீனைப் போத்தலில் அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் சரியான மீன் போய்ச் சேர்ந்தது. அந்த ஷ்லோசரின் பெயரைத்தான் 1770இல் பல்லாஸ் என்ற அறிஞர் நம்முடைய பெரிய பெலாச்சாக் மீனுக்குச் சூட்டினார். நம் சேற்று மீனின் பெயருக்குள் ஒரு டச்சுக்காரர் ஒளிந்திருக்கிறார் பாருங்கள்!

மின்மினியின் இரண்டு வீடுகள்

இப்போது மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கம்போங் குவாந்தான் மின்மினியின் அறிவியல் பெயர் தெரோப்டிக்ஸ் தெனர். ஒலிவியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1907இல் வைத்த பெயர். அரிசிமணி அளவுதான் இருக்கும். மரத்தில் நாம் காணும் விளக்கு கலியாண விளக்கு. ஆண்பூச்சிகள் ஒன்றோடொன்று தாளம் சேர்த்து மினுக்கிப் பெண்ணை அழைக்கின்றன. கலியாணம் முடிந்த பெண்பூச்சி மரத்தில் முட்டையிடுவதில்லை. ஆற்றங்கரைக்குப் பின்னால் உள்ள ஈரமண்ணுக்குப் போய் முட்டையிடுகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இலைச்சருகுக்கும் நீப்பா, சாகோ மரங்களின் அடிக்கும் நடுவே இரவில் திரிகிறது. அங்கே சில மில்லிமீட்டர் அளவே உள்ள நத்தைகள் உண்டு. புழு நத்தையைக் கடித்து, செரிக்கும் நீரை அதன் உடம்புக்குள் செலுத்தி, கூழாக்கிக் குடிக்கிறது. இப்படி மாதக்கணக்கில் வேட்டையாடி வளர்ந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிப் பிறகுதான் சிறகு முளைத்து மரத்துக்கு வருகிறது. சிறகு முளைத்த பின் அதன் ஆயுள் சில வாரங்களே. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணில். கடைசிச் சில வாரம்தான் மரத்தில்.

இதிலே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மின்மினிக்கு இரண்டு வீடு. மேலே பெரெம்பாங் மரம். கீழே நத்தை வாழும் ஈரமண். மரத்தை மட்டும் காப்பாற்றி, பின்னால் உள்ள மண்ணை உழுது நிரவினால், வேட்டைக்காரப் புழு பட்டினியால் சாகும். மரம் நிற்கும், விளக்கு எரியாது. பெரெம்பாங்கும் சரி, நத்தையும் சரி, உப்பும் நன்னீரும் அளவாகக் கலந்த நீருக்குப் பழகியவை. மேலே மலையில் தண்ணீர் குறைந்தால், கீழே கடல்நீர் உள்ளே ஏறிவரும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கோலகுபுபாருவுக்கு அருகே சிலாங்கூர் அணை கட்டப்பட்டபோது, மின்மினிக்கு என்ன ஆகுமோ என்று இயற்கை ஆர்வலர்கள் கவலைப்பட்டது இதனால்தான்.

நாம் வந்த பிறகு

இந்த ஆற்றுக்காக மனிதர்களும் சண்டை போட்டார்கள். முகத்துவாரத்தைக் காக்கும் மெலாவாத்திக் குன்றை 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். பிறகு 1874இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சி வந்தது. காப்பி வந்தது, ரப்பர் வந்தது, கூடவே நாமும் வந்தோம்.

பிரெஞ்சுக்காரரான ஆன்றி போகோனியே சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டவர். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தாயில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அவரால் தொடங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குப் பெயர் நம் தமிழ்ச் சொல் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆப்பிரிக்காவில் பிறந்த அந்த மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த வழியில் வந்த விதைதான் இங்கே காடாகப் பெருகியது. போகோனியே இங்குள்ள வாழ்க்கையை வைத்து எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. துரைக்குப் பரிசு கிடைத்தது. தீம்பாரில் நின்றவர்களுக்குக் கிடைத்தது மலேரியா.

கரையோரச் சேற்றில் மரம் நடவேண்டும் என்றால் முதலில் கடல்நீர் வராமல் மண்மேடு போட வேண்டும். பிறகு உள்ளே உள்ள நீரை வடிக்கக் கான் வெட்ட வேண்டும். தமிழர், ஜாவாக்காரர், சீனர் எல்லோருடைய முதுகும் இதிலே வளைந்தது. எங்கள் தாத்தாவும் கான் வெட்டியவர்தான். "இடுப்பளவு சேத்துல நின்னு வெட்டுனோம்யா. சாயங்காலம் காலை எடுத்தா அட்டை தொங்கும்" என்று சொல்லுவார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பார். பிறகு, "நாங்க வந்தப்ப ராத்திரியில மின்மினி லயத்துக்குள்ளேயே வரும். கான் வெட்ட வெட்டக் குறைஞ்சு போச்சு" என்பார்.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. கட்டளை போட்டவர்கள் வேறு. இலாபம் கண்டவர்கள் வேறு. ஆனால் மண்வெட்டி நம் கையில் இருந்தது. அந்தக் கூலியில்தான் எங்கள் அப்பா படித்தார். நான் ஆசிரியன் ஆனேன். அதற்காகத் தாத்தாவைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் வரலாறு சொல்லத் தகுதியில்லாதவன் ஆவேன்.

காடு போனபோது பெரிய வேட்டைக்காரர்கள் முதலில் போனார்கள். 1950ஆம் ஆண்டுகளில் மலாயாவில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். அண்மையில் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 150க்கும் குறைவு. அவையும் உள்நாட்டு மலைக்காடுகளில்தான். பீட் காட்டில் கான் வெட்டியதால் கறுப்புத் தண்ணீர் வடிந்து, காய்ந்த கரிமண் தீப்பிடித்து எரிவதும், அந்தப் புகையால் நம் பள்ளிக்கு விடுமுறை விடுவதும் நாம் அறிந்ததே. தீ பரவும்போது பெத்தா லிவிடா எங்கே ஓடும்? அதற்கு வேறு ஊர் கிடையாது.

ஆனாலும் வேட்டைக்காரன் நாற்காலி காலியாக இருப்பதில்லை. செம்பனைப் பழத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பும் காட்டுப்பூனையும் வந்தன. கூகை ஆந்தை தீபகற்பத்தில் கூடு கட்டியது முதன்முதலாக 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஜொகூரில் காணப்பட்டது. பிறகு தோட்டங்களிலேயே பெட்டி வைத்து அதை வளர்த்தார்கள். ஆந்தை கத்தினால் அபசகுனம் என்று கல்லெடுத்த நாமே, இப்போது ஆந்தைக்கு வீடு கட்டித் தருகிறோம். வேட்டையாடும் உயிர் கெட்டது அல்ல. கணக்குச் சரிபார்க்கும் கிராணி அது. கிராணி இல்லாத தோட்டத்தில் கணக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

தில்லை மரம்

எங்கள் பாட்டியின் ஊர் சிதம்பரத்துப் பக்கம். தில்லை என்று வாய் நிறையச் சொல்லுவார்கள். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர்; அலையாத்திக் காட்டு மரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் இன்றும் அந்தக் காடு நிற்கிறது. அதே தில்லை மரம் நம் சிலாங்கூர்க் கரையிலும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்பதால் மலாயில் பூத்தா-பூத்தா என்பார்கள். இந்த நாட்டில் மின்மினிகள் கூடும் மரங்களில் அதுவும் ஒன்று. பாட்டி இறக்கும்வரை, தான் கும்பிட்ட தில்லை இங்கேயும் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு முறை சம்பானில் ஏற்றிக் காட்டியிருப்பேன்.

நம் பக்கத்தில் நம்பிக்கை தரும் காரியங்களும் நடந்திருக்கின்றன. 1940இல் தோன்றிய மலாயா இயற்கைச் சங்கத்தின் முயற்சியால், 1987இல் மெலாவாத்திக் குன்றின் அடிவாரத்தில் இயற்கைப் பூங்கா அமைந்தது. அங்கே நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதையும், நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் வட்டமிடுவதையும் காணலாம். 1990இல் ராஜா மூசா பீட் காடு ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டது. அங்கே கான்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரக்கன்று நடும் வேலையில் அக்கம்பக்கத்து மக்களும் சேர்ந்திருக்கிறார்கள். தாத்தாமார் வெட்டிய கானைப் பேரன்மார் அடைக்கிறார்கள். வன ஆராய்ச்சிக் கழகத்தார் 2006 முதல் கம்போங் குவாந்தான் மின்மினிகளைத் தொடர்ந்து படமெடுத்துக் கண்காணித்து வருகிறார்கள். இவற்றிலெல்லாம் நம் பிள்ளைகளும் சேர வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

மாணவச் செல்வங்களே! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நாம் பட்டணத்து வீடுகளுக்கு வந்துவிட்டோம். கானில் இறங்கி மீன் பிடிக்கும் காலம் போய்விட்டது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பனையேறியின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டேன். முப்பத்தொரு பேரில் இருவர்தான் சொன்னார்கள். அந்த இருவரும் தாத்தா வீட்டில் வளர்பவர்கள். பெயர் மறந்தால் உயிர் மறக்கும். உயிர் மறந்தால், அது போய்விட்டது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஆகவே பெற்றோர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். தாத்தா பாட்டியையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்த மீன் பெயர், மரப் பெயர்களைப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி என்னிடம் கொடுக்கட்டும். தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், பார்த்த இடம், பார்த்த ஆண்டு: இந்த நான்கும் போதும். அடுத்த மலரில் அந்தப் பட்டியலை நம் பள்ளியின் பெயரில் வெளியிடுவோம்.

என்னை மடக்கிய தம்பிக்கு இப்போது பதில் சொல்லுகிறேன்: மின்மினி நத்தை சாப்பிடும்டா. நத்தைக்கு ஈரமண் வேண்டும். மண்ணுக்கு ஆறு வேண்டும். ஆற்றுக்கு மலையில் காடு வேண்டும். அன்றைக்கு சார் பனித்துளி என்று சொன்னது தப்பு. திருத்தி எழுதிக்கொள்.